முரசுக்கு எழுத்தில்லை, கைபேசிக்குச் சுருதியில்லை

சமூக ஊடகங்களில் யொருபா மொழி சிதைந்து அழிகிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. ஆறு ஆண்டுகள் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் வேலை பார்த்தவன் நான். அந்த மொழியைக் காதில் வாங்கி, அரைகுறையாக நாவிலும் ஏற்றிக்கொண்டவன். பழகிய ஊர்மேல் உள்ள பாசத்தால் வந்த கோபமோ என்ற ஐயத்தில் ஒரு வாரம் ஆறப்போட்டு மறுபடி படித்தேன். கட்டுரையின் தகவல்கள் சில சரிதான். அவற்றிலிருந்து அது எட்டிய முடிவுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.

கட்டுரையாளரின் வாதத்தை அவருக்கு நியாயமாகவே சுருக்கிச் சொல்கிறேன். யொருபாவில் ஒரே எழுத்துக்கோவை, குரல் ஏறுவதையும் இறங்குவதையும் பொறுத்து வேறு வேறு பொருள் தரும். அதைக் காட்டத்தான் எழுத்தின் தலையில் சாய்கோடும் காலடியில் புள்ளியும் வைத்தார்கள். இன்றைய இளைஞர்கள் எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரிலும் வாட்ஸப்பிலும் டிக்டாக்கிலும் அவற்றை இடுவதில்லை. யொருபாச் சொல்லை ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள், ஆங்கிலத்தோடு கலக்கிறார்கள், அந்த ஆங்கிலத்தையும் தப்பாக ஒலிக்கிறார்கள். இதெல்லாம் சோம்பலும் அறியாமையும்தான், யொருபாவின் ஒலியமைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. முறையாக எழுதத் தெரியாதவர்கள் எழுதாமலிருப்பதே மொழிக்குச் செய்யும் தொண்டு. இதுதான் அவர் தீர்ப்பு.

‘தொடர்பில்லை’ என்ற அந்த ஒரு சொல்லின்மேல்தான் கட்டுரை முழுவதும் நிற்கிறது. அந்தச் சொல் தவறு. அது விழுந்தால் மற்ற அனைத்தும் விழும். சோம்பலுக்கு இலக்கணம் கிடையாது. நூறு சோம்பேறிகள் நூறு விதமாகத் தப்பு செய்வார்கள். லட்சக்கணக்கானவர்கள், ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள், ஒரே இடத்தில் ஒரே மாதிரி எழுத்தை மாற்றுகிறார்கள் என்றால் அங்கே ஒரு விதி வேலை செய்கிறது. அது என்ன விதி என்று தேடுவதுதான் மொழியைப் பற்றி எழுதுகிறவனின் முதல் கடமை. கட்டுரையாளர் தேடவில்லை.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். நைஜீரியாவின் தென்மேற்கிலும் பக்கத்து நாடான பெனினிலும் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் யொருபாவில் சுருதி மூன்று: ஏற்றம், சமம், இறக்கம். பள்ளியில் தோ, ரே, மி என்று மேற்கத்திய இசைச் சுரங்களை வைத்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். மூக்கொலி சேராத உயிர்கள் ஏழு. லத்தீன் எழுத்திலோ உயிர் ஐந்துதான். அதனால் வாய் அகலத் திறந்து சொல்லும் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் அடியில் புள்ளி வந்தது. ‘ஷ’ ஒலிக்கும் அப்படியே ஒரு புள்ளி. ஏற்றத்துக்கு ஒரு சாய்கோடு, இறக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும் கோடு, சமத்துக்குக் குறி இல்லை.

இப்போது ‘ஒகொ’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். திறந்த ஒகரம் இரண்டும் சம சுருதியில் வந்தால் கணவன். இரண்டாவது ஏறினால் மண்வெட்டி. இரண்டாவது இறங்கினால் வண்டி. இரண்டுமே இறங்கினால் ஈட்டி. ஒகரங்களைக் குவித்துச் சமமாகச் சொன்னால் வயல். குறிகளைக் களைந்துவிட்டால் ஐந்தும் ஒன்றுபோலத்தான் தெரியும். இப்படி எழுதினால் யாருக்கு என்ன புரியும் என்று கேட்கிறார் கட்டுரையாளர்.

எனக்குப் புரிந்தது. மாலை ஐந்தரை மணிக்கு ‘ஒகொ மி தி தே’ என்று அலுவலகத் தோழி ஒருவர் வாட்ஸப் குழுவில் எழுதினால், என் வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன் என்பதாக அத்தனை பேரும் எடுத்துக்கொண்டோம். வெளிநாட்டில் ஓராண்டு இருந்துவிட்டுக் கணவர் திரும்பிய அன்று அவர் எழுதியதும் அதே எழுத்துகள்தான். அன்று குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. இரண்டு நாளிலும் யாரும் மண்வெட்டியை எண்ணவில்லை. சொல் தனியாக வருவது அகராதியில் மட்டும்தான். வாழ்க்கையில் அது ஆளோடும் பொழுதோடும் முன்பின் பேச்சோடும் வருகிறது. கட்டுரையாளர் காட்டும் குழப்பங்கள் எல்லாமே தனிச்சொல் பட்டியல்கள். உண்மையான ஒரு வாக்கியத்தைக்கூட எடுத்துக்காட்டி, இதை இன்னார் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று அவரால் நிறுவ முடியவில்லை.

இதைத் தமிழ் வாசகருக்கு எடுத்துச் சொல்ல நான் ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதே இல்லை. நம் ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று விட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்று நாம் இடும் வேறுபாட்டை நிலைநிறுத்தியவர் வீரமாமுனிவர் என்பர். அவர் பதினெட்டாம் நூற்றாண்டினர். அதற்கு முந்தைய பல நூறு ஆண்டுகள் நம் முன்னோர் புள்ளியில்லாத ஓலையைப் படித்து, யாப்பையும் இடத்தையும் வைத்து மெய் எது உயிர்மெய் எது என்று கண்டார்கள். சங்கப் பாட்டு அப்படித்தான் நம் கைக்கு வந்து சேர்ந்தது. ஏடு எழுதியவர்களைச் சோம்பேறிகள் என்று எழுத நம்மில் யாருக்கும் மனம் வராது. யொருபா இளைஞருக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் மறுக்கப்படுகிறது?

யொருபாக்காரரின் காதுக்கு இதைவிடப் பழைய பயிற்சி ஒன்று உண்டு. கட்டுரையாளர் அதைத் தம் முதல் பத்தியில் அலங்காரத்துக்காகத் தொட்டுவிட்டு ஓடிவிட்டார். பேசும் முரசைச் சொல்கிறேன். ‘துண்டுன்’ குடும்பத்து முரசு நம் உடுக்கையைப் போல இடை சிறுத்தது. அக்குளில் இடுக்கி, வார்களை அழுத்தியும் தளர்த்தியும் வளைந்த கோலால் தட்டினால் ஒலி ஏறும், இறங்கும். அது மன்னரின் விருதுப்பெயர்களைச் சொல்லும், பழமொழி சொல்லும், வந்தவரைப் பெயர் சொல்லி வரவேற்கும். அந்த முரசில் உயிரும் இல்லை, மெய்யும் இல்லை. சுருதியும் தாளமும் மட்டும்தான். எழுத்து முழுவதையும் உதிர்த்துவிட்டு இசையை மட்டும் அனுப்புகிறது முரசு. கேட்பவர் எழுத்தைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். எப்படி முடிகிறது? முரசுக்காரர் ஒற்றைச் சொல்லைத் தட்டுவதில்லை. ஊரறிந்த நீண்ட தொடரை, ‘ஒரிகி’ என்ற புகழ்மொழியை, முழுப் பழமொழியைத் தட்டுகிறார். தொடர் நீள நீள ஐயம் கரைகிறது.

கைபேசி அந்த முரசைத் தலைகீழாக்கிய கருவி. அது எழுத்தை அனுப்புகிறது, சுருதியை உதிர்த்துவிடுகிறது. படிப்பவர் சுருதியை நிரப்பிக்கொள்கிறார். யொருபா சமூக ஊடகத்தில் வாழ்த்துத் தொடரும் பழமொழியும் ஊரறிந்த சொலவடையும் அவ்வளவு அடர்த்தியாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிறந்தநாளுக்கு ஒன்று, வேலை செய்துகொண்டிருப்பவரைக் கண்டால் ஒன்று, காலைக்கு ஒன்று என ‘எ கூ’ என்று தொடங்கும் வாழ்த்துகள் அந்த மொழியில் எண்ணற்றவை. அவற்றைக் குறியில்லாமல் எழுதினாலும் கண் பட்டவுடன் சுருதி தானே காதில் ஒலிக்கும். பாதியைக் கொடுத்தால் மீதியைக் காதால் எழுப்பிக்கொள்ளும் திறன் அந்தச் சமூகத்தின் சொத்து. அந்தச் சொத்தைப் பார்த்துவிட்டு ஏழ்மை என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர்.

எடுத்துக்காட்டு கேட்கிறவருக்கு 2020 அக்டோபரை நினைவூட்டுகிறேன். சார்ஸ் என்ற கொள்ளைத் தடுப்புக் காவல் பிரிவின் கொடுமைக்கு எதிராக நைஜீரிய இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த நாட்களில் கைபேசியிலிருந்து கைபேசிக்குத் தாவிய முழக்கம் ‘சொரொ சோகே’. உரக்கப் பேசு என்று பொருள். குறியோடு எழுதினால் முதல் சொல்லில் இரண்டு அடிப்புள்ளியும் இரண்டு இறக்கக் கோடும் வேண்டும். குறியில்லாத அதே நான்கு எழுத்தை ‘ஷோரோ’ என்றும் படிக்கலாம். அப்போது ‘கடினமாயிருக்கிறது’ என்று பொருளாகிவிடும். ஒருவராவது அப்படிப் படித்தாரா? லாகோசிலிருந்து லண்டன் வரை அந்த முழக்கம் குறியின்றியே எழுதப்பட்டது. யொருபா தெரியாத இக்போ இளைஞரும் ஹவுசா இளைஞரும்கூட எழுதினார்கள். ஒரு தலைமுறைக்கே அது பெயராயிற்று. குறி இல்லாததால் செத்துப்போன சொல் இப்படியா நடக்கும்?

சொற்களை ஒட்டி எழுதுவதும் அப்படித்தான். 2022 ஜூனில் அபெயோகுட்டா நகரில், இப்போது நைஜீரிய அதிபராக இருக்கும் போலா டினுபு, இது என் முறை என்ற பொருளில் ‘எமி லோ கான்’ என்று பேசினார். மறுநாள் நாடெங்கும் அது கேலியாகவும் ஆதரவாகவும் பரவியது. பலரும் பிந்திய இரண்டு சொல்லையும் சேர்த்து ‘லோகான்’ என்றே எழுதினார்கள். சொற்பிரிப்புத் தெரியாத கூட்டம் என்பார் கட்டுரையாளர். யொருபாவில் உயிரொடு உயிர் சந்தித்தால் ஒன்று மறையும், சொற்கள் ஒட்டும். ‘உள்ளத்தில்’ என்பதற்கு உரிய ‘நி ஒகான்’ பேச்சில் ‘லொகான்’ ஆகும்; ‘மீன் வாங்கு’ என்ற ‘ரா எஜா’ ‘ரெஜா’ ஆகும். வாயில் ஒட்டியதை விரல் ஒட்டி எழுதுகிறது. தமிழில் இதற்குப் புணர்ச்சி என்று பெயரிட்டுத் தொல்காப்பியம் இயல் இயலாக இலக்கணம் சொல்கிறது. நமக்கு இலக்கணம், அவர்களுக்குப் பிழை என்று எந்த நீதி சொல்கிறது?

அடுத்தது எழுத்துக்கூட்டல். கட்டுரையாளரின் கோபம் உச்சத்துக்குப் போகும் இடம் இது. அவருடைய அறியாமை தெளிவாகத் தெரியும் இடமும் இதுதான். ‘ஜோ’ என்று முடியும் ஒரு கெஞ்சல் சொல்லையும், பிள்ளை என்று பொருள்பட்டு இன்று வியப்புச் சொல்லாகிவிட்ட ‘ஒமொ’வையும் இளைஞர்கள் கடைசியில் ஓர் ‘ஆர்’ எழுத்தைச் சேர்த்து எழுதுகிறார்கள். இல்லாத ஒலியை ஏன் எழுதுகிறார்கள், இது ஆங்கில மோகம் என்கிறார். சற்றே நின்று கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். நைஜீரிய ஆங்கிலத்தில் உயிருக்குப் பின் வரும் ‘ஆர்’ ஒலிப்பதில்லை. அங்கே ‘ஓ’வும் ‘ஆரு’ம் சேர்ந்தால் வாய் திறந்த ஒகரம்தான் வரும். அடிப்புள்ளி இட்டால் கிடைப்பதும் சரியாக அதே ஒலிதான். விசைப்பலகை புள்ளியைத் தரவில்லை. அதனால் இளைஞர்கள் ‘ஆர்’ எழுத்தைப் புள்ளியாக்கிக்கொண்டார்கள். அதே போல ‘ஷ’வின் புள்ளி போனபோது ‘எஸ்’ஸோடு ‘எச்’ சேர்த்தார்கள்; கேள்விச் சொல்லான ‘ஷே’யின் குவிந்த எகரம் திறந்த எகரமாகிவிடக் கூடாது என்று முடிவில் ‘ஒய்’ சேர்த்தார்கள். ஏழு உயிரைக் காக்க ஐந்து எழுத்தைக்கொண்டு இத்தனை பாடுபட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லித்தராமல், கூட்டம் போட்டு முடிவெடுக்காமல், காதை மட்டும் நம்பிக் கண்ட வழி இது. மொழியுணர்வு இல்லாதவனுக்கு இது தோன்றாது.

‘ஜாக்பா’ என்ற சொல்லும் இதையே சொல்கிறது. தப்பி ஓடு என்பது பழைய பொருள். நாட்டை விட்டு வெளிநாட்டுக்குக் குடிபெயர்வது இன்றைய பொருள். யொருபாவில் நாம் அறிந்த ‘ப’ இல்லை. உதடும் பின்நாக்கும் ஒரே நொடியில் வெடிக்கும் ‘க்ப’ மட்டும்தான் உண்டு. யொருபா எழுத்துமுறை அதற்கு ‘பி’ எழுத்து ஒன்றையே வைத்துக்கொண்டது. சமூக ஊடகத்தில் அந்தச் சொல் யொருபா அல்லாதவரிடமும் பரவியபோது, காதில் விழுந்த ககரத்தையும் சேர்த்து எழுதினார்கள் பலர். ஒலி எழுத்தைத் திருத்தியது. இதனுடைய கூட்டாளியான ‘க்ப’வின் கனத்த வடிவம், ககரமும் பகரமும் அதிரும் அந்த வெடிப்பு, அடியையும் இடியையும் காட்டும் ஒலிக்குறிப்புச் சொற்கள் பலவற்றுக்கு முதலெழுத்து. இணையத்தில் இருவர் சொற்போரில் இறங்கினால் நைஜீரியர்கள் அதைக் குறிக்கும் இரட்டைச் சொல்லும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. ‘கியாகியா’ என்றால் விரைவாக, ‘க்பாத்தாக்பாத்தா’ என்றால் முற்றாக. இவற்றைப் போல அடுக்கிச் சொல்லி அழுத்தம் தருவது அந்த மொழியின் பழைய வழக்கம். இணையம் அதைப் புதிதாகப் படைக்கவில்லை, எடுத்துப் பரப்புகிறது.

கலப்புக்கு வருவோம். ஆங்கில வாக்கியத்தின் நுனியில் ‘ஷா’, ‘அபி’, ‘ஜாரே’, ‘ஓ’ என்று ஒட்டிக்கொள்ளும் சிறு சொற்களைக் கட்டுரையாளர் குப்பை என்கிறார். அவை ஏன் வருகின்றன? ஆங்கிலேயர் ஐயத்தையும் சலிப்பையும் வற்புறுத்தலையும் குரலின் ஏற்ற இறக்கத்தில் காட்டிவிடுவார். யொருபாவிலோ அந்த ஏற்ற இறக்கம் ஏற்கெனவே சொற்பொருளுக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டது. விருப்பப்படி குரலை ஏற்றினால் கணவன் மண்வெட்டியாகிவிடுவான். அதனால் உணர்ச்சியைச் சுமக்க இடைச்சொற்கள் வேண்டியிருக்கின்றன. அந்தப் பழக்கத்தோடு வளர்ந்தவர் ஆங்கிலத்தில் எழுதும்போது, திரையில் குரலே இல்லாத இடத்தில், அந்த இடைச்சொற்களைக் கொண்டுவருகிறார். அப்போதுதான் வாக்கியத்துக்கு உயிர் வருகிறது. யொருபாவின் ஒலியமைப்பு ஆங்கிலத்துக்குள் புகுந்து வேலை செய்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே ‘அபி’யையும் ‘ஜாக்பா’வையும் ஏற்றுவிட்டது, 2020இலேயே லாகோசின் மஞ்சள் சிற்றுந்தான ‘தன்ஃபோ’வும், கடல் கடந்து வந்த பழைய பொருளைக் குறிக்கும் ‘தொகுன்போ’வும் உள்ளே போயின. யொருபா ஆங்கிலத்தால் விழுங்கப்படுகிறது என்கிறார் கட்டுரையாளர். ஆங்கில அகராதி யொருபாவிடம் சொல் வாங்கிக்கொண்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை.

இனி, அவர் எழுதியவற்றில் என்னால் மன்னிக்க முடியாத பகுதி. யொருபாக்காரர் ஆங்கிலத்தில் ‘ஹ’ வர வேண்டிய இடத்தில் விட்டுவிடுவதையும் வேண்டாத இடத்தில் சேர்ப்பதையும், ‘வி’யை ‘ஃப’ ஆக்குவதையும், ‘ச்ச’வை ‘ஷ’ ஆக்குவதையும் டிக்டாக் நகைச்சுவைகளில் பார்த்துவிட்டு, அரை பக்கம் கேலி செய்திருக்கிறார். நைஜீரியாவிலேயே இந்தக் கேலி உண்டு என்பது அவருக்குச் சாக்கு. உண்டுதான். அங்கேயும் அது காயப்படுத்துகிறது. நேர்காணலுக்குப் போன இளைஞன் ஓர் எழுத்தை விட்டதற்காகச் சிரிப்புக்கு ஆளாகித் தலைகுனிந்து வருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

யொருபாவில் ஆங்கிலத்தின் ‘வி’யும் ‘ஸெட்’டும் ‘ச்ச’வும் இல்லை. இல்லாத ஒலிக்கு மிக அருகிலிருக்கும் ஒலியை எடுப்பது உலகத்து வாய்களுக்கெல்லாம் பொதுவான வழி. விசா ‘ஃபிசா’ ஆகும், வீடியோ ‘ஃபிதியோ’ ஆகும். மெய்கள் அடுத்தடுத்து நிற்பதையும் சொல் மெய்யில் முடிவதையும் யொருபா ஏற்காது. அதனால் ரொட்டியைக் குறிக்கும் பிரெட் ‘புரெதி’, பந்தைக் குறிக்கும் பால் ‘போலு’, ஃபோன் ‘ஃபோனு’. கடைசிச் சொல்லை வாசகர்கள் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். நம் வாயும் அதையேதான் சொல்கிறது. நாம் அதைப் பேச்சின் இயல்பு என்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்திச் சொல்லும் அசை யொருபாவுக்குள் வரும்போது பெரும்பாலும் ஏற்றச் சுருதி பெறும். அதற்குப் பின் வரும் அசை இறங்கும். அந்நியச் சொல்லுக்கும் அளந்து சுருதி கொடுக்கும் மொழியைச் செவிகெட்ட மொழி என்பது எவ்வளவு பெரிய அநீதி!

‘ஹ’வின் கதையும் அறியாமை அல்ல. நழுவும் ஒலி ஒன்றைப் பற்றிப் பள்ளியில் திரும்பத் திரும்பக் கடிந்துகொண்டால், பிள்ளை பயந்துபோய் வேண்டாத இடத்திலும் அதைச் சேர்க்கும். லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சிலும் ‘ஹ’ இப்படித்தான் மறைகிறது. அதைக் கேலி செய்வது வர்க்கத் திமிர் என்று நாம் புரிந்துகொள்கிறோம். யொருபா நகரான இபாதானின் சந்தையில் அரிசி விற்கும் பெண்ணின் நாவுக்கும் அதே நியாயம் உண்டு. ழகரம் வராத பிள்ளையை மேடையில் ஏற்றிச் சிரித்த ஊர்க்காரர்கள் நாம். அந்தச் சிரிப்பால் எந்தப் பிள்ளையும் ழகரம் கற்றதில்லை, வாய் மூடக் கற்றதுதான் மிச்சம்.

குறிகளே வேண்டாம் என்கிறேனா? இல்லை. குறியில்லாமல் போவதால் உண்மையான இழப்புகள் உண்டு, அவற்றை மறைக்கும் எண்ணம் எனக்கில்லை. பெயர்கள் முதல் பலி. ‘ஒலா’ ஒரு சுருதியில் பெருமை, மற்றொன்றில் நாளை. கடவுச்சீட்டில் இரண்டும் ஒன்றாகும்போது, பெற்றோர் யோசித்து வைத்த பெயர் வெறும் ஓசையாகிறது. லண்டனிலும் ஹூஸ்டனிலும் பிறந்து வளரும் பிள்ளைக்கு நிரப்பிக்கொள்ளப் பழகிய காது இல்லை. அதற்குக் குறிதான் கைப்பிடி. மொழிபெயர்ப்புக் கருவிக்கும் வாசித்துக்காட்டும் கருவிக்கும் முரசு கேட்டு வளர்ந்த காது கிடையாது. கவிதைக்குக் குறி வேண்டும், பாடநூலுக்கு வேண்டும்.

ஆனால் இந்த இழப்புக்குப் பொறுப்பு யார்? கட்டுரையாளர் இளைஞரை நோக்கி விரல் நீட்டுகிறார். வரலாறு வேறு பக்கம் காட்டுகிறது. அடிமையாகப் பிடிபட்டு மீட்கப்பட்ட யொருபாச் சிறுவன் சாமுவேல் அஜாயி கிரவுதர் வளர்ந்து 1843இல் தம் மொழிக்குச் சொற்பட்டியல் அச்சிட்டார், விவிலியத்தை மொழிபெயர்த்தார், 1864இல் பிஷப்பானார். 1859இல் அபெயோகுட்டாவில் யொருபா செய்தித்தாள் தொடங்கியது. அச்சுக்கு எழுத்து கிடைத்த அதே காலத்தில், தேவாலயத்தில் ஐரோப்பிய மெட்டுகளுக்கு யொருபாச் சொற்களைப் பொருத்திப் பாடவைத்தார்கள். மெட்டு ஏறும் இடத்தில் சொல் இறங்கி, சொல் ஏறும் இடத்தில் மெட்டு இறங்கி, பாடலின் பொருளே திரிந்தது. இதைக் கண்டு வருந்தி, சுருதிக்கேற்ற மெட்டு கட்ட யொருபா இசைவாணர்கள் பெரும்பாடு பட்டார்கள். பிறகு, யொருபா பேசினால் பிள்ளையைத் தண்டித்த வகுப்பறைகள் வந்தன. இன்றைக்கும் அச்சு இதழ்கள், கடைப் பலகைகள், அரசுப் படிவங்கள் பெரும்பாலும் சுருதிக்குறி முழுவதும் இடுவதில்லை. கைபேசி பிறப்பதற்கு நூறாண்டு முன்பே தொடங்கிய குறையை இருபது வயதுக்காரர் தலையில் கட்டுவது நேர்மையில்லை.

தாய்மொழியில் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1970இல் இஃபே பல்கலைக்கழகத்தில் பாப்ஸ் ஃபாஃபுன்வாவும் தோழர்களும் தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளும் யொருபாவிலேயே பாடம் நடத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் பாடங்களில் மட்டுமா, ஆங்கிலத்திலும் சளைக்கவில்லை. அந்த வழியை நாடு முழுவதும் கொண்டுபோகாதவர்கள் பெரியவர்கள். குறியிட்டுப் படிக்க எவரும் கற்றுத்தராத பிள்ளையிடம் குறி ஏன் இடவில்லை என்று கேட்க யாருக்கு உரிமை?

கருவியின் குற்றமும் இருக்கிறது. அடிப்புள்ளியும் மேல்சாய்கோடும் ஒருங்கே வேண்டிய எகர ஒகரங்களுக்கு யூனிகோடில் ஒற்றை எழுத்தாக இடம் ஒதுக்கப்படவில்லை. எழுத்தையும் குறியையும் தனித்தனியாக இட்டு ஒட்ட வேண்டும். சில எழுத்துருக்களில் கோடு விலகி நிற்கும், சிலவற்றில் வெறும் கட்டம் தெரியும். ஒரே சொல் இரு வழியில் குறியாக்கப்பட்டால் தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. இந்தத் துன்பம் தமிழருக்குத் தெரியும். ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதி, மற்றவர் திரையில் அது குப்பையாகத் தெரிந்த காலம் நமக்கும் இருந்தது. 1999இல் சென்னையில் மாநாடு கூட்டித் தமிழ்99 விசைப்பலகை வகுத்தோம், பின்னர் யூனிகோடு பரவியது, அதன் பிறகே இணையத்தில் தமிழ் பெருகியது. தமிழரைத் திட்டித் தமிழ் வளரவில்லை. விசையைக் கையில் கொடுத்தோம், வளர்ந்தது.

யொருபாவிலும் அந்த வேலை நடக்கிறது. மொழியியலாளர் கோலா டுபோசன் 2012இல், ஒரு நாள் முழுவதும் யொருபாவில் ட்வீட் செய்வோம் என்று அழைத்தார். யாரையும் குறி இடவில்லை என்று விரட்டவில்லை. மக்கள் எழுத வந்தார்கள். பிறகு அவரும் கூட்டாளிகளும் யொருபாப் பெயர்களுக்குச் சுருதியும் பொருளும் ஒலிப்பும் தரும் இணைய அகராதியை அமைத்தார்கள், குறியிட்டுத் தட்டச்சு செய்ய இலவச விசைப்பலகை கொடுத்தார்கள். 2018இல் பிபிசி யொருபா சேவை தொடங்கியது. இணையத்துக்கு யொருபாக்காரர் வைத்துக்கொண்ட பெயர்களில் ஒன்றுக்கு ‘உலகளாவிய கொடி’ என்று பொருள், படரும் செடிகொடியின் கொடி. மொழியை நேசிக்கிறவர்கள் செய்யும் வேலை இது. முதலில் எழுதவிடுவது, பிறகு கருவி கொடுப்பது, கூடவே கற்றுக்கொடுப்பது. கட்டுரையாளர் சொல்லும் வழியில் முதல் படியே கிடையாது. எழுதாதே என்று தொடங்கி அங்கேயே முடிகிறது. பேச்சு எழுத்துக்கு வராத மொழி வீட்டுக்குள் சுருங்கும், வீட்டிலிருந்து பாட்டியின் நினைவுக்குள் சுருங்கும். ஆசிரியர் வராத ஊரில், அச்சகம் அஞ்சிய இடத்தில், தினமும் எண்ணற்ற வரிகளில் அந்த மொழியை எழுதிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

இந்தக் கட்டுரை முழுக்க யொருபாச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் சுருதிக்குறி இல்லை. திறந்த ஒகரத்துக்கும் குவிந்த ஒகரத்துக்கும் நம் எழுத்தில் வேறுபாடு காட்ட இடமில்லை. ஆனாலும் எது வண்டி, எது கணவன் என்று படித்தவர் எவரும் தடுமாறியிருக்க மாட்டார்கள். சொல்லைச் சூழ்ந்திருந்த வாக்கியம் அதைச் சொல்லிவிட்டது. கட்டுரையாளரின் வாதத்துக்கு என் மறுப்பு அவ்வளவுதான்.

2020இல் அந்தப் பிள்ளைகள் ஒரு புள்ளிகூட இடாமல் எழுதியது ‘உரக்கப் பேசு’ என்று. உலகுக்குக் கேட்டது. அவர்களைப் பார்த்துப் பேசாதே என்று சொல்லும் எந்தக் கட்டுரையையும் மொழிப்பற்று என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.